பிடரிக் காற்று

கூரை இல்லாத காரில்
காற்று முன்னாலிருந்து அடிப்பதில்லை.
கண்ணாடியைத் தாண்டிக் குதித்து
பின்சீட்டில் புரண்டு எழுந்து
பிடரியில் அறைகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் மூடிப்போன பல்செட் கடையின்
அக்ரிலிக் போர்டு, நூற்றிருபது ரூபாய்.
பிளேடால் கீறி உடைத்ததில் ஒரு மூலை போனது.
பிவிசி குழாய், நாலு கிளாம்ப்,
கடகடக்காமலிருக்க சைக்கிள் டியூப்.
எவ்வளவு சுரண்டியும்
‘பல்’ மட்டும் போகவில்லை.

ஏற்காட்டுச் சாலையில் ஏழாவது வளைவுவரை
ஜெசிந்தாவின் துப்பட்டா அசையவே இல்லை.
விசிலடித்தேன். எனக்கே கேட்டது.

பதினொன்றாவதில் அவள்,
குரலை உயர்த்தாமல்:
“அழகாபுரம் மனையை
யார் பேருக்கு எழுதி வச்சீங்க?”

இத்தனை வருஷமாகக்
காற்றில் காதில் விழலை என்றவன்
கியரை மாற்றினேன்.

பின்பார்க்கும் கண்ணாடியில்
இடவலம் மாறி
பல் இளித்தது.