ஒருநாள் கூட

கணக்குப் போட்டது நான்தான்.
இருபத்தாறு குஞ்சு, நாற்பத்திரண்டு நாள்,
இரண்டு மூடையும் கொஞ்சமும் தீன்.
கலண்டரில் மஞ்சளாய் நின்ற வட்டத்தை
நான் பார்க்கவில்லை.

வத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்தன,
ஓட்டை போட்ட பெட்டிக்குள்.
"என்னக்கா, கேக்கா?" என்றான் கொண்டக்டர்.
பெட்டியே பதில் சொன்னது.

முகத்துவாரத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால்,
ஒரு சுவரும் இன்னொரு சுவரும்
முட்டிக்கொள்ளாமல் விட்ட இடம்,
அதுதான் பண்ணை.
மேலே தகரம். கீழே
தச்சுப்பட்டறையில் சும்மா அள்ளிய சீவல்.
நடுவில் நூறு வோட் பல்ப்.

ஒன்பதாம் இரவு கரண்ட் போனது.
சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் ஊற்றி
அன்ரனின் சாரங்களால் சுற்றி வைத்தேன்.
"கோழிக்கு உடுப்பு, எனக்குத் துவாய்"
என்று முனகினான்.
ஆனால் போத்தல் ஆறிய நேரமெல்லாம்
அவன்தான் எழும்பிக் கேத்தல் வைத்தான்.
ஒன்று மிதிபட்டுச் செத்தது.
இருபத்தைந்து.

மூன்றாம் கிழமை பக்கத்து வீடு கதவைச் சாத்தியது.
நாலாம் கிழமை ஜன்னலையும்.
சுண்ணாம்பு தூவினேன், சீவலைப் புரட்டினேன்,
என் கண்ணே எரிந்தது.
ஈரல் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.
ஜன்னல் அரைவாசி திறந்தது.

பிறகு நெஞ்சு காலை முந்தத் தொடங்கியது.
இரண்டடி வைத்து இருந்துவிட்டன,
தீன் தட்டு தூரம் என்பது போல.
தட்டைக் கிட்டத் தள்ளினேன்.
அதைக் கருணை என்று சொல்ல வாய் வரவில்லை.
தலைக்குள் தராசு ஆடிக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள்.
இரவே தீன் நிறுத்தியாயிற்று, குடல் காலியாக.
கத்தி தீட்டி,
பெயின்ற் வாளியின் அடி வெட்டிப் புனலாக்கி,
நாலரைக்கு அடுப்பு மூட்டுகையில்
மாடியிலிருந்து இறங்கினாள் சோமலதா அக்கா.
வெள்ளைச் சேலை, கையில் தாமரை மொட்டு.
வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"நங்கி, இன்றைக்குப் போயா."
ஏச்சில்லை. நாள் சொன்ன குரல்.

அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன்.
பசித்த இருபத்தைந்தும் வலையைக் கொத்தின.
திரும்பத் தீன் போட்டேன், நாலரைக் கிலோ,
எந்தக் கணக்கிலும் இல்லாதது.

கிடைத்த ஒருநாளை அவை
வேறு மாதிரி வாழவில்லை.
தின்றன. படுத்தன.
மத்தியானத் தகரச் சூட்டில் ஒன்று வாய் பிளந்து
யாரும் அறுக்காமலே போனது.
அதைப் புதைக்க ஆற்றங்கரைக்குப் போன அன்ரன்
களனிக்கு மேல் நிலவு ஏறும்வரை
வீடு திரும்பவில்லை.

மறுநாள் றஸ்மி நானா வந்து
தன்னுடைய மூன்றையும் பிஸ்மி சொல்லித் தானே அறுத்தார்.
மிச்சம் இருபத்தொன்று எனக்கு.
தலைகீழாய்ப் புனலில் விட்டால் அடங்கிவிடும்.
மூன்று வரைக்கும் கை நடுங்கியது.
நாலாவதுக்கு நடுங்கவில்லை.
அதைக் கவனித்தேன்.

தண்ணீர் கொதிக்கக் கூடாது,
விரல் ஒரு எண்ணிக்கை பொறுக்கும் சூடு.
கூடினால் தோல் கிழியும்,
குறைந்தால் இறகு பிடிவாதம்.
பத்துக்கு மேல் பேச்சு நின்றது.
ஈர இறகு நாற்றம் தலைமயிருக்குள் ஏறியது.

பதினேழாவதின் இரைப்பையைக் கீறிக் கவிழ்க்க
ஒரு வெள்ளைப் பொத்தான்.
டில்ஷியின் பள்ளிக்கூடச் சட்டையில்
மூன்று கிழமையாய் ஊசி குத்தியிருந்த இடம்.
ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.
கழுவி, யன்னல் கட்டில் வைத்தேன்.

பின்னேரம் சோமலதா அக்கா வந்தாள்.
இப்போது பூப்போட்ட கவுன்.
"பெரிசாய் ஒன்று பார்த்துத் தா நங்கி,
கழுத்தையும் சேர்த்து."
இரண்டே கால் கிலோ.
நேற்றைய தீனை விலையில் கூட்டுவதா என்று
ஒரு கணம் நின்றேன்.
கூட்டவில்லை.
தராசிலிருந்து கோழியை எடுத்தபோது
முள் பூச்சியத்துக்கு வர
கொஞ்ச நேரம் எடுத்தது.