பல்லு, சாரே

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
பேருந்தில் ஏறியவர்
என் பையைத்தான் முதலில் திறக்கச் சொன்னார்.
எரிசாராயம் தேடிப் பழகிய கைகள்.
கிடைத்தது
ஜிப் உறையில் நாற்பது கிராம் வெள்ளைத் தூள்.

"இது எந்தா?"

எம்.டெக். இரண்டாம் ஆண்டு,
ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்,
ஹைட்ராக்சி அபடைட் நானோ குச்சிகள்,
நீளம் அறுபது, விட்டம் பதினெட்டு நானோமீட்டர்.
இத்தனையும் நாக்கு நுனிவரை வந்து
எந்த மொழியில் இறங்குவது என்று தெரியாமல்
திரும்பிப் போயின.
"பல்லு, சாரே" என்றேன்.

பொய்யில்லை.
வாயில் இருப்பதும் இதே உப்புதான்.
கால்சியம் நைட்ரேட் கரைசலில்
பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்,
நிமிடத்துக்கு மூன்று மில்லி.
அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும்.
அமோனியா கண்ணைக் கரிக்கும்.
இரவு பதினொன்றுக்கு மின்சாரம் போய்
காந்தக் கலக்கி நின்றுவிட்ட அன்று
ஷெமீனாவும் நானும் முறைவைத்து
கண்ணாடிக் கோலால் கிளறினோம், விடியும்வரை.
தைப்பொங்கலுக்குக்கூட நான் இப்படிக் கிளறியதில்லை.

அப்புறம் மையவிலக்கியில் ஏழு கழுவல்,
உலையில் நானூறு டிகிரி,
கொச்சியில் மின்னணு நுண்ணோக்கிக்கு
இரண்டு மாதக் காத்திருப்பு.
கிடைத்தது அரை மணி நேரம்.
திரையில் பார்த்தால்
யாரோ தீப்பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தது போல.

எங்கள் ஆழ்துளைக் கிணறு அறுநூற்று நாற்பது அடி.
பாறையிலிருந்து ஃபுளூரைடு
தண்ணீரோடு ஏறி வந்து
வளரும் பல்லுக்குள் உட்காரும்.
அங்கே இருக்கும் ஹைட்ராக்சில் எழுந்து இடம் விடும்,
நிறைமாதக்காரிக்கு எழுகிற பயணி மாதிரி.
தம்பி கவியரசனுக்கு
முன்பற்களில் பழுப்புக் கோடுகள்.
அடையாள அட்டைகளில் எல்லாம்
அவனுக்கு ஒரே மூடிய வாய்.

அவன் பல் செய்ததை
அவன் வாய்க்கு முன்னால் நின்று
இந்தத் தூள் செய்துவிட வேண்டும்.
என் ஆய்வு அவ்வளவுதான்.
மீதி நூற்றுப் பன்னிரண்டு பக்கம்
அடுத்தவர் சொன்னது.

அலுவலர் மோந்து பார்த்தார்.
விரலிடுக்கில் தேய்த்தார்.
கொஞ்சம் சிந்தி இருக்கையில் படிந்தது,
ஒன்றரை நாள் வேலை.
கோட்டயம் பக்கமாக இருக்கும், வெள்ளைப் பற்கள்.
"பொய்க்கோ" என்றார்.
போ என்றுதான் பொருள்.
பிறந்தது முதல் கேட்கிறேன், இருந்தும்
என் காது அதில் ஒரு பொய்யைக் கேட்டுவிடுகிறது.

வீட்டில் அப்பா தூங்கிவிட்டார்,
மூன்று மணிக்குக் கள்ளு வண்டி எடுக்க வேண்டும்.
பிவிசி குழாயில் இரண்டு முனையிலும் பஞ்சடைத்து
நடுவில் தூளை நிரப்பி
சமையல்கட்டு ஜன்னலில் கயிறால் கட்டினேன்.
மேலே ஊற்றிய தண்ணீர்
கீழே சொட்ட இருபது நிமிடம்.

முடிவு செவ்வாய்க்கிழமை தெரிந்தது.
ஆய்வகத்துத் தூய நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றைப் பிடித்த தூள்
எங்கள் கிணற்றிடம் திணறிவிட்டது.
மூன்று புள்ளி நான்கு உள்ளே போய்
இரண்டு புள்ளி ஒன்று வெளியே வந்திருந்தது.
ஒன்றரைக்குள் வர வேண்டும்.
எங்கள் தண்ணீரில் பைகார்பனேட் கூட்டம் அதிகம்,
ஜன்னல் வழியே அதுதான் முதலில் துண்டு போடுகிறது.
"இதைப் பின்னிணைப்பில் வைக்கலாமே"
என்றார் நெறியாளர், கோபமில்லாமல்.
நான்காம் அத்தியாயத்திலேயே வைத்தேன்,
அட்டவணையின் கடைசி வரிசையில்,
மற்ற எண்களின் அதே எழுத்தளவில்.

ஆனால் அது செவ்வாய்க்கிழமை.
அன்றிரவு
மாதிரிப் புட்டியை நான் தேடிக்கொண்டிருக்க
குழாய்க்கடியில் வைத்த டம்ளரை
கவியரசன் எடுத்துக் குடித்துவிட்டான்.
"டேய், அது சோதிக்கணும்டா!"
புறங்கையால் உதட்டைத் துடைத்தான்.
"எப்படி இருக்கு?"
யோசித்தான், உண்மையாகவே யோசித்தான்.
"தண்ணி மாதிரி இருக்கு."