பட்டாணி அளவு

முப்பத்தாறு வயதில் முகப்பரு வந்தால்
வயசுக் கோளாறு என்று யாரும் சிரித்துவிட்டுப் போவதில்லை.
கல்யாணமாகாததை இழுப்பார்கள்.
உடம்புச் சூடு என்பார்கள்.
இந்தக் குளிரில் ஏது சூடு என்றால்
அதனால்தான் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறதாம்.

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மிஷினுக்குப் பக்கத்தில்
மூட்டைக் கணக்கு எழுதுகிறேன்.
விடியுமுன் லாரி மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும்.
ராத்திரி முழுக்க லைட் வெளிச்சம் முகத்தில்.
அந்த வெளிச்சத்தில்
சாக்கு தைக்கிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள்.
லூர்துராஜ் பூண்டு சொன்னான்.
ஜெபக்கனி அக்கா டூத்பேஸ்ட் சொன்னார்.
தைலம் சொன்னது யாரென்று மறந்துவிட்டது,
எரிந்தது மறக்கவில்லை.
மூன்று நாள் மப்ளரை மூக்குவரை இழுத்துக் கட்டி
கண்ணால் மட்டும் கணக்குக் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பேரில்லாத டப்பா
ஒரு வாரம் முகத்தை வெளுப்பாக்கியது.
நிறுத்திய மாதம்
கன்னம் இரண்டும் பீட்ரூட்.

பிறகு கழுவினேன்.
ஏழு தடவை, எட்டுத் தடவை,
துண்டின் சொரசொரப்பான பக்கத்தால்,
அழுக்குதான் காரணம் என்று யாரோ சொன்னதை நம்பி.

ஒரு நாள் மிஷின் டிரம் நிற்காமல் ஓடிவிட்டது.
ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தான்.
வெளியே வந்த கேரட் பளபளவென்று
பார்க்க அவ்வளவு அழகு.
மறுநாள் மண்டியிலிருந்து போன்:
வழவழவென்று ஊறிவிட்டது, எடுக்க மாட்டோம்.
ரிஜிஸ்டரில் எழுதினேன்:
‘நாற்பது மூட்டை. தோல் போனது.’
எழுதிவிட்டு
பேனா மூடியை வைத்துக் கன்னத்தைச் சொறிந்தேன்.
அப்புறம் கையை எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஊட்டி பெரியாஸ்பத்திரி.
ஓ.பி. சீட்டு, இரண்டு மணி நேரம் பெஞ்சு.
டாக்டர் தொட்டுப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை,
என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை,
மாதவிலக்கு நாளைக் கேட்டார்.
‘பன்னிரண்டு வாரம் ஆகும்’ என்றார்,
நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தவர் போல.
பன்னிரண்டு வாரம்.
ஒரு போகத்துக்குக் கொஞ்சம் குறைவு.
விதைத்த மறுவாரம் மண்ணைக் கிளறிப் பார்க்கிற ஊரா இது?

பெள்ளிராஜ் மெடிக்கல்ஸில் கணக்குப் பார்த்தேன்.
நுரைக்காத ஃபேஸ்வாஷ் நூற்று அறுபது,
இரண்டு மாதம் இழுக்கலாம்.
ஜெல் தொண்ணூற்றெட்டு.
வாசனையில்லாத க்ரீம், பெரிய டப்பா, விசாலியோடு பாதிப் பாதி.
சன்ஸ்கிரீன் கேட்டபோது கடையில் நின்றவர்
மூடுபனியைப் பார்த்தார், பிறகு என்னை.
இங்கே வெயில்
சில்லென்ற கையால் அடிக்கும், அவருக்குத் தெரியாதா.

‘ஜெல் பட்டாணி அளவு போதும்.’
பச்சைப் பட்டாணியா, காய்ந்த பட்டாணியா?
பெள்ளிராஜ் யோசித்தார்.
பட்டாணி விளைகிற ஊரில் அதுவரை
யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.
‘காய்ந்தது’ என்றார்.

முதல் மாதம் மோசமானது. உதடோரம் உரிந்தது.
ஒருநாள் விட்டு ஒருநாளாக்கினேன்.
உறைபனி விழுந்த ராத்திரிகளில்
விரல் நுனியில் ஜெல்லை வைத்து
சூடேறும்வரை நின்றேன்.
நீலத் தலையணை உறையில்
என் கன்னம் படுகிற இடம் மட்டும் வெளுத்து
ஆரஞ்சாய்ப் போனது,
ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம்.
புது உறை வாங்கவில்லை. அதுவும் செலவுதானே.

மாதம் ஒன்பது வந்தது,
இப்போது இரண்டு, சிலசமயம் மூன்று.
பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன.
லூர்துராஜ் கேட்டான், பூண்டு வேலை செய்தது பார்த்தியா?
ஆமாம் என்றேன்.
மூட்டை ஏற்ற வேண்டியிருந்தது.

இன்று தாடையில் ஒன்று, சிவப்பாய், வலியோடு.
தேதியைப் பார்த்தேன். சரிதான், இருபத்தாறாம் நாள்.
டிரம் சுற்றுகிறது.
‘போதும், நிறுத்து’ என்று கத்துகிறேன்
ஆபரேட்டரிடம்.
கொஞ்சம் மண் ஒட்டியிருக்கட்டும்.