ஒன்பது இருக்கை

சைத்தேனிலிருந்து புவேர்ட்டோ மோன்ட்டுக்கு
வான்வழி நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.
நாற்பது நிமிடம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறது.
போட்டவர் வடகாற்றிடம்
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கப்பல் என்றால் ஒரு முழு இரவு.
கழுத்து மடிந்து, டீசல் நாற்றத்தில்,
யாரோ பெற்ற பிள்ளை நம் தோளில் தூங்க,
விடிந்தால் எதிர்க்கரையிலும் அதே மழை.

என் வேலை நிறுப்பது.
பெட்டியை மட்டுமல்ல, ஆளையும்.
யார் எங்கே உட்கார்வது என்பதைப்
பணமோ வயதோ தீர்மானிப்பதில்லை இங்கே,
முள்தான்.
மீன் கம்பெனி முதலாளி நூற்றுப் பதினொன்று.
பள்ளி ஆசிரியை மார்ச்சில் ஐம்பத்தெட்டு,
செப்டம்பரில் அறுபத்தொன்பது,
திரும்பி வந்தபோது அறுபத்திரண்டும்
தனியாக ஒரு மூன்றரையும்.
சிலர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள்,
விட்டால் கூடிவிடும் என்பதுபோல.

ஓர்ஃபெலினா மில்லாகூரா
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழன்.
எழுபத்து நான்கு.
எழுபத்தொன்று.
அறுபத்தாறரை.
எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி என்று
அவள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.
டிக்கெட்டில் போகவர என்றிருக்கும், அவ்வளவு.
கணவர் நொல்பெர்ட்டோ பின்னால் நிற்பார்,
தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டு,
முள்ளையே பார்த்துக்கொண்டு.

ஜூனில் முள் இறங்கவில்லை. அறுபத்தேழு.
அடுத்த முறை அறுபத்தெட்டு.
கன்னம் ஒட்டியிருந்தது.
கல்யாண மோதிரம் நூல் சுற்றி நின்றது விரலில்.
கோட்டு அவருடையது, முழங்காலுக்குக் கீழே தொங்கியது.
அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
விமானத்தை நோக்கி நடந்திருந்தார்.
அவள் பலகையிலிருந்து இறங்கியபோது
பையிலிருந்து ஒன்று விழுந்து, உருண்டு,
என் பூட்ஸில் முட்டி நின்றது:
ஊதா உருளைக்கிழங்கு. மண்கூடத் தட்டவில்லை.

குனிந்து எடுத்தேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்;
எரிமலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்.
அவள் பைக்குள்ளேயே திரும்பப் போட்டேன்.
படிவத்தில் அறுபத்தெட்டு என்றே எழுதினேன்.
பொய் இல்லை.
கிழங்கும் அவளோடுதான் பறக்கிறது.
விமானிக்குக் கூட்டுத்தொகை போதும்.

அன்று வடகாற்று.
நாற்பது, ஐம்பதாகி, ஐம்பத்தாறானது.
இறங்கிவிட்டது என்று வானொலி சொல்லும்வரை
நொல்பெர்ட்டோ வீட்டுக்குப் போவதில்லை.
விறகடுப்பருகே நின்று கை காய்ச்சுவார்,
என் கெட்டிலை நகர்த்தி வைப்பார்,
பேச மாட்டார்.
அன்று கேட்டார்:
"இன்றைக்கு எத்தனை?"
"அறுபத்தெட்டு."

தொப்பியைப் போட்டுக்கொண்டார்.
கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தபடி,
திரும்பாமல்,
"அதில் கிழங்கு நாலு கிலோ இருக்கும்.
கொட்டகைச் சாக்கில் அவ்வளவு குறைகிறது."

நான் பேனாவை மூடினேன், திறந்தேன்.

"அடுத்த தடவைக்குப்
பெரிசாகப் பார்த்துப் பொறுக்கி
மேலாகவே போட்டு வைத்திருக்கிறேன்," என்றார்.
"அடியில் கைவிட்டுத் துழாவினால்
அவளுக்கு முதுகு வலிக்கும்."