சூடானால் பேசாது

கடனுக்கு வந்த வண்டி.
எண்பதாயிரத்தில் திரும்பாத நாற்பத்தைந்துக்கு ஈடாக
சகலை சிவக்கொழுந்து ஓட்டிவந்து நிறுத்திய
சாம்பல் நிறப் பழைய பியட்.
சித்திரை மாதம், மதியம் மூன்று மணி.
மோர் குடித்தான், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான்,
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றான்.

கார்த்திகையில்தான் அது வாயைத் திறந்தது.
முதுநகர் ஐஸ் பேக்டரியில் எனக்குக் கணக்கு வேலை.
மஞ்சக்குப்பத்திலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பணும்.
சாவியைத் திருப்பினால்
டக் டக் டக் டக்.
பானெட்டுக்குள் யாரோ உட்கார்ந்து
கரண்டியால் டம்ளரைத் தட்டுவதுபோல.
கெடிலம் பாலம் ஏறும்வரை தட்டும்.
பாலம் இறங்கும்போது இருக்காது.

டேப்பட்தான் என்றார் ஐஸ் உடைக்கும் மாணிக்கவேலு.
ஆயில் இரவெல்லாம் கீழே இறங்கிடுது என்றார் லாரிக்காரர்.
பிஸ்டன் ஆடுது சார், போர் எடுக்கணும் என்று
ஒருத்தன் இருபத்திரண்டாயிரம் சொன்னான்,
வண்டியைத் தொடாமலே.
நான் ஆயில் மாற்றினேன். பில்டர் மாற்றினேன்.
எட்டு வால்வுக்கும் இடைவெளி அளந்து வைத்தாயிற்று.
மறுநாள் ஐந்தேகால்:
டக் டக் டக் டக்.

மெக்கானிக் இலியாஸிடம் போனால்
போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகி
பால் குடித்த பிள்ளை மாதிரி நிற்கும்.
டாக்டரைப் பார்த்ததும் ஓடிவிடும் காய்ச்சல்.
மூன்று முறை இப்படி.
நாலாவது முறை இலியாஸ் சொன்னான்:
"நீங்க வராதீங்க. நான் வர்றேன்.
ராத்திரி அதைத் தொடவே தொடாதீங்க."

மார்கழி ஏழு. சுபுஹு தொழுதுவிட்டு நேரே வந்தான்,
மப்ளர் சுற்றிய காதுகளோடு.
பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி உச்சத்தில் இருந்தது.
"பாட்டு முடியட்டும்" என்று
பம்பரில் சாய்ந்து நின்றான்.
ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே
கிடைத்த கரகரப்பில் சொன்னான்: "இப்ப."

டக் டக் டக்.
மப்ளரை அவிழ்த்தான்.
நீள ஸ்குரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் அழுத்தி
முனையால் இஞ்சினைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தான்.
பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
ஒன்று, தட்டியது. இரண்டு, தட்டியது.
மூன்றில் சத்தம் சுருங்கியது.

பிஸ்டனா? என் வயிறு இருபத்திரண்டாயிரம் முறை புரண்டது.

"ஊதுபத்தி இருக்கா?"
சாமி மாடத்திலிருந்து ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தேன்.
எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் ஓரமாகக் காட்டினான்.
முதல் வாய், புகை நேராக ஏறியது.
இரண்டாவது, நேராக.
மூன்றாவதில்
புகை திக்கியது.
ஒவ்வொரு டக்குக்கும் ஒரு விக்கல்.

டார்ச் அடித்தான். இரும்பில் ஒரு கரி நாக்கு.
"கேஸ்கட் எரிஞ்சிருக்கு சார். ஸ்டட் ஒண்ணு லூசு.
குளிருல சந்து விடுது, ஊதுது.
சூடானா இரும்பு விரிஞ்சு
தானே வாயை மூடிக்குது."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது.
ஊதுபத்திப் புகை, கோடு கிழித்த மாதிரி.

அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது:
சித்திரையில் சிவக்கொழுந்து
மோர் குடித்தபோதும் கையெழுத்துப் போட்டபோதும்
வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.
அணைக்கவில்லை.
அணைத்துவிட்டு வாயேன் என்று நானும் சொல்லவில்லை.

கேஸ்கட் நூற்றி நாற்பது ரூபாய்.
கூலி அறுநூறு, இரண்டு டீ.

மறுநாள் ஐந்தேகாலுக்குச் சாவியைத் திருப்பினேன்.
இஞ்சின் தன்பாட்டுக்கு முனகியது.
மாலையில் எதிர்வீட்டு ரெஜினா டீச்சர், கோபமாக:
"உங்க வண்டி தட்டாம
எட்வின் எழுந்திரிக்கவே இல்ல சார்.
இன்னிக்கு டெஸ்ட் போச்சு."

பொங்கலுக்கு சிவக்கொழுந்து போன் செய்தான்.
எல்லாரையும் விசாரித்துவிட்டு
கடைசியில், தொண்டையைச் செருமி,
"காலையில... ஏதாச்சும் சத்தம் வருதா?"
என்றான். இத்தனை மாதத்தில் முதல்முறை.

எரிந்த கேஸ்கட் மேஜையில்தான் கிடந்தது,
மூன்றாவது ஓட்டை ஒரு பக்கம் தின்னப்பட்டு.
அதை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னேன்:
"வந்துச்சு."

அவன் போனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.