பலகையில் எழுதிய எண்

கிசுமுவில் ஏழு மணிக்கே வெயில் கடை விரித்துவிடும்.
அதற்கும் முன்னால் அபோண்டி.

அவள் விற்பது ஓமெனா.
நெத்திலிக்குச் சித்தி மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
விரல் நீளம், வெள்ளி நிறம்,
ஏரியில் பிடித்து வலைமேல் பரப்பிக் காயவைத்தது.
டப்பாவில் அள்ளி, கோபுரமாய்க் குவித்து,
குவித்ததன் மேல் இன்னொரு கைப்பிடி.
அந்தக் கைப்பிடிக்காகத்தான்
மூன்று கடை தாண்டி இவளிடம் வருகிறார்கள்.

அவள் தலைக்கு மேலே ஒரு பலகை.
நீலப் பெயின்ட்டில் பத்து இலக்கம்.
கையில் காசில்லாதவர்கள் அந்த எண்ணுக்கு அனுப்பலாம்.
இப்போது யார் கையில் காசு இருக்கிறது?
பெசா என்கிறார்கள் அங்கே பணத்தை,
நம் பைசா எப்போதோ கப்பலேறிப் போய்
உச்சரிப்பு மாறி நிற்பதுபோல.

பலகை அவளுடையது.
மீன் அவளுடையது.
எண் ஒமோலோவுடையது.

ஒமோலோ கெட்டவன் இல்லை.
மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிக்கொண்டு
ஊரின் மறுகோடியில் எங்காவது நிற்பான்.
அவன் சட்டைப் பையில்
அவள் விற்ற மீன்கள்
உயிர் வந்து துடிக்கும்.

மாலையில் அவன் சொல்வதுதான் கணக்கு.
பெட்ரோல் போக,
டயர் கடன் போக,
தம்பிக்குக் கொடுத்தது போக,
"போக" என்ற சொல்லும் போக
மிச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
டை கட்டிய ஒருவன் வந்தான்.
பள்ளிக்கூடச் சமையலுக்கு என்று ஐந்து டப்பா.
"அனுப்பிவிட்டேன், பாருங்கள்"
என்று திரையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.
எழுத்துகள் இருந்தன, தொகை இருந்தது.
எந்த மாதத்து எழுத்து, யாருக்குப் போன தொகை
என்று கேட்பதற்குள் மூட்டை பஸ் ஏறிவிட்டது.
பக்கத்துக் கடை நெரேயாவின் போனை வாங்கி
ஒமோலோவைக் கூப்பிட்டாள்.
அணைந்திருந்தது.

"பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா?" என்றான் இரவில்.
எதில் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை.
டப்பாவைக் கழுவினாள்.
கழுவிய டப்பாவையே மறுபடியும் கழுவினாள்.

நெரேயாவின் பழைய போன் முன்னூறு ஷில்லிங்.
திரையில் ஒரு கீறல், ஐந்தாம் பொத்தான் செத்துவிட்டது.
அடையாள அட்டையில் அபோண்டிக்கு
யாரோ குமாஸ்தா கொடுத்த கூடுதல் எழுத்து ஒன்று.
அதனால் சிம் கடைக்கு மூன்று நடை.
மூன்று நாளும் மீனுக்கு நெரேயாதான் காவல்,
மேல் கைப்பிடி போடாமல்.

ரகசிய எண் நான்கு இலக்கம் வேண்டும் என்றாள் கடைப்பெண்.
"பிறந்த வருஷம் வைக்கலாமே?"
அது ஒமோலோவுக்குத் தெரியும்.
"கல்யாண நாளை வை,
அதுதான் அவனுக்கு ஞாபகமே இராதே"
என்று நெரேயா சிரித்த சிரிப்பில்
வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அபோண்டி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினாள்.
முப்பத்தெட்டு வயதில்
அவளைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று.
எனக்குத் தெரியும்தான். எழுத மாட்டேன்.
அதில் ஐந்து கிடையாது,
அவ்வளவுதான் சொல்வேன்.

பலகைக்கு மறுபடி பெயின்ட்.
ஒரு பூச்சுக்குத்தான் டப்பாவில் இருந்தது.
வெயில் சாய்ந்தால் புதிய எண்ணின் அடியில்
பழைய எண் தெரியும்.
பழகிய வாடிக்கைக்காரர்கள் இன்னமும்
அதற்கே அனுப்புகிறார்கள்.

முதலில் வந்தது அறுபது ஷில்லிங்.
இடுப்புத் துணிக்குள் ஏதோ அசைய
வண்டோ என்று உதறி எழுந்தாள்.
போன் மீன் குவியலில் விழுந்தது.
செதில் ஒட்டிய திரையைத் துடைத்து
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
அனுப்பியவர் பெயர், தொகை, நேரம்.
பிறகு மறுபடியும் அவள் பெயர்,
அந்தக் கூடுதல் எழுத்தோடு.

அன்று ராத்திரி ஒமோலோ கேட்டான்,
"என் போன் இன்றைக்குச் சரியாக அசையவே இல்லையே?"
அடுப்பில் உகாலி, நம் களிபோல,
கிளறக் கிளற இறுகிக்கொண்டிருந்தது.
அவள் கை நிற்கவில்லை.
"என்னுடையது அசைந்தது" என்றாள்.