ஒட்டுப்பால்

குலசேகரத்தில், சந்தைக்கு இறங்கும் சரிவில்
மச்சான் செல்வதாஸின் ரப்பர் கடை.
சுவரில் என் படம்:
தலைக்கவசம் கழற்றாத இருவர்
கட்டிப்பிடித்து நிற்கிறோம்.
ஒருவன் விக்ராந்த், முதலிடம்.
மற்றவன் நான், ஆறாமிடம்.
'கூட்டாளியின் வெற்றியில் குமரிக் காளை'
என்று பேப்பரில் போட்டார்கள்.
மச்சான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு
ஒன்பதாம் சுற்றிலிருந்துதான் சொல்வேன்.
காதுக்குள் ஸாரோஷ் சொன்னான்: பிடித்து வை.
பின்னால் ஏழாம் எண், என்னைவிட வேகக்காரன்.
வளைவின் உட்புறத்தை அடைத்தேன்.
நேர்ப்பாதையில் ஒரே ஒரு முறை விலகினேன்,
விதி அவ்வளவுதான் தருகிறது.
மூன்று சுற்று அவனை என் முதுகிலேயே வைத்திருந்தேன்.
விக்ராந்த் எட்டு நொடி தள்ளிப் போனான்.
பிறகு என் டயர் செத்தது,
ஒவ்வொருவனாய்த் தாண்டிப் போனார்கள்.
அது ஏமாற்றில்லையா என்று
அருமநைப் பையன் ஒருவன் கேட்டான்.
கபடியில் காலைப் பிடிக்கிறவன் ஏமாற்றுகிறானா என்றேன்.
கைதட்டினார்கள்.
அதோடு நிறுத்திக்கொள்வேன்.

கொடி விழுந்தபின் ஒரு சுற்று உண்டு,
யாரும் பார்க்காதது.
எல்லா வண்டியும் ஓடுதடத்தை விட்டு விலகி
ஓரத்து அழுக்கில் ஊர்ந்து வரும்.
உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்கெல்லாம்
சூட்டோடு சூடாய்ச் சக்கரத்தில் ஒட்டும்,
ஒரு கிலோ, ஒன்றரை கிலோ.
தராசில் குறைந்தால் தகுதி போச்சு.
சிரட்டையில் காய்ந்ததையும் சுரண்டி விற்கிற ஊர்க்காரன் நான்,
எனக்கு அது பாவமாய்ப் படவில்லை.

அன்றைக்கு முடியும் நேரத்தில் தூறல்.
துணுக்கெல்லாம் ஈரம், ஒட்டவில்லை.
ஸாரோஷின் கணக்கில் விக்ராந்த் முன்னூறு கிராம் குறைவு.
காலையிலேயே என் உடுப்பின் உள்பையில்
ஓர் ஈயத்துண்டை வைத்து
எதற்கும் இருக்கட்டும் என்றிருந்தான்.
இப்போது காதுக்குள் சொன்னான்:
அவனைப் போய் வாழ்த்து.
வேறொன்றும் சொல்லவில்லை.

வண்டியையும் ஆளையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள்.
தராசுக்குப் பத்தடி முன்னால்
கையை விரித்துக்கொண்டு போனேன்.
அவனுடைய கழுத்துப்பட்டை தளர்ந்திருந்தது.
கேமராக்கள்.
கண்ணாடிக்குள் அவன் கண் தெரியவில்லை.
எடை சரி என்று எழுதினார்கள்.
ஏழாம் எண்காரன் இரண்டாமிடம் வாங்கிக்கொண்டு
என்னைத் தேடிவந்து கைகொடுத்தான்,
நல்லா அடைச்சே என்றான்.

மறுநாள் என் பெட்டியில்
காலுறைக்குள் சுருட்டி
ஈயம் திரும்பி வந்திருந்தது.
சீட்டு எதுவும் இல்லை.

இன்று தங்கபாய் ஒட்டுப்பால் சாக்கோடு வந்தாள்.
மச்சான் விரலால் அமுக்கினார், தண்ணீர் கசிந்தது.
"ரெண்டு கிலோ கழிப்பேன்."
"மழையில்லியா, பின்ன எப்பிடி இருக்கும்?"
"இது மழைத்தண்ணி இல்ல பிள்ளே, கிணத்துத்தண்ணி."
அவள் சிரித்துவிட்டாள். "ஒண்ணரை கழியும்."
ஒன்றே முக்காலில் முடிந்தது.
இரண்டு பேரும் முள்ளைப் பார்த்தபடியேதான் பேசினார்கள்.

ரசீதுகள் காற்றாடிக்குப் பறக்காமலிருக்க
மேசையில் அந்த ஈயம்தான் இருக்கிறது.
தன்னுடையதை எடுக்க அதைத் தூக்கினாள்.
"பாக்க இம்புட்டு, என்ன கனம்! இது என்னவாக்கும்?"
மச்சான் மோவாயால் படத்தைக் காட்டினார்:
"அவனுக்க வண்டிச் சாமான்."
உள்ளங்கையில் வைத்து
இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.
முன்னூறு இருக்கும் என்றாள்.

சரியாகச் சொன்னாள்.